சேந்தமங்கலத்தில் எங்களுக்காகக் காத்திருந்தவர்களுக்கு

எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில், பழைய யூத ஜெப ஆலயத்தில் இயங்கும் அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் கோவையிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேரோடு வந்த ஆசிரியை எழுதுகிறேன். ஆலுவாவுக்கு அருகே எங்கள் வேன் டயர் பஞ்சராகி நின்றது. நீங்கள் பூட்டும் நேரம் நெருங்கிவிட்டதால், தயங்கித் தயங்கித்தான் போன் செய்தேன். "வரூ டீச்சரே, ஞங்ஙள் இவிடெ உண்டு" (வாருங்கள் டீச்சர், நாங்கள் இங்கே இருக்கிறோம்) என்றார் உங்கள் அருங்காட்சியகச் சேட்டன். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் நாமக்கல் சேந்தமங்கலத்துக்கா போகிறோம் என்று கேட்டபடியே வேனில் ஏறிய பிள்ளைகள், இனி இந்தப் பெயரைக் கேட்டால் உங்கள் ஊரைத்தான் நினைப்பார்கள்.

முற்றத்துக் கல்லறைக் கல்லின் முன் பிள்ளைகளை உட்கார வைத்து அவர் சொன்ன விதத்தை மறக்க மாட்டேன். 1269-ஆம் ஆண்டுக் கல். எபிரேய எழுத்துகளை விரலால் தொடாமல் காற்றிலேயே தடவிக் காட்டி, "இஸ்ரவேலின் மகள் சாரா" என்றார். உடனே ஒரு மாணவி, "எங்கள் ஆச்சி பேரும் சாராள்தான்" என்றாள். எழுநூற்றைம்பது ஆண்டுக்கு முன் இறந்த ஒருத்தி அவளுக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். நான் வகுப்பில் எத்தனை நாள் பாடம் எடுத்தாலும் அது நடந்திருக்காது.

பிறகு மரப்படி ஏறி மாடிக்குப் போனோம். யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் மேடை கூடத்தின் நடுவில் இருக்கும் என்றுதான் நான் படித்திருந்தேன். கேரளத்து ஜெப ஆலயங்களில் மாடியிலும் இன்னொரு மேடை உண்டு என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். அதற்குப் பின்னால், மரச் சட்டத் தடுப்புக்கு அப்பால், பெண்கள் இருந்து கேட்பார்களாம். சேட்டன் ஒரு பையனை மேடையருகே நிறுத்தி மெல்லப் பேசச் சொன்னார். தடுப்புக்குப் பின்னே நின்ற பெண் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கீழே நின்ற எனக்குப் பாதிதான் கேட்டது!

இந்த ஊர் யூதர்கள் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, தொழ ஆளில்லாமல் போன கட்டடம் இது. உத்திரம் உளுத்து, ஓடு சரிந்து போக விடாமல் பழுதுபார்த்த கேரளத் தொல்லியல் துறைக்கும், 2006-இல் இங்கே கண்காட்சியை அமைத்துத் தந்த ஷால்வா வெயில், ஜே வாரோங்கர், மரியன் சோஃபேர் ஆகியோருக்கும் நன்றி. அவர்கள் இதை வேறொன்றாக மாற்றாமல், ஜெப ஆலயமாகவே விட்டுவைத்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அதுதான் சரி என்று உறுதியாக நினைக்கிறேன். அலமாரியும் கண்ணாடிப் பெட்டியுமாக நிரப்பியிருந்தால் அந்தப் பையனின் குரல் எங்கே போய் நின்றிருக்கும்?

மழை பிடித்துக்கொண்டபோது எங்கள் எல்லோரையும் தறிக்கூடத்துக்குள் அழைத்துக் கட்டஞ்சாயா கொடுத்த நெசவாளர் சேச்சிக்கும் நன்றி. 2018 வெள்ளத்தில் தன் தறி மூழ்கியதை அவர் சொல்லும்போது, சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கையால் காட்டினார். அது எங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருந்தது. டயரை மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வரைந்த படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாடித் தடுப்பை வரைந்தவளுக்கு மட்டும் ஒரு குறை, சட்டங்களை எண்ணாமல் வந்துவிட்டாளாம். நேரம் கிடைக்கும்போது எண்ணி, ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியையும்
கோவை