லாஸ்ட் பாம்ஸ் பாதையில் எங்களைக் கரை சேர்த்தவர்களுக்கு

வணக்கம். இந்த மடல் யாருக்கோ அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எனக்கும் அவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை என் மகள் எழுதி ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் காட்டன்வுட் பார்வையாளர் மையத்துக்கு அனுப்பிவிட்டாள், அது போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சேருமா என்பது வேறு விஷயம். தமிழில் நான் எழுதுவதற்குக் காரணம், தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் நீண்ட வார இறுதி வந்தால் ஜோஷுவா ட்ரீக்குக் கிளம்பிவிடுகிறோம், என்னைப் போலவே அரைகுறையாகக் கிளம்புகிறோம், என்னைக் காப்பாற்றியவர்கள் எப்படி வந்திருந்தார்கள் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றுதான்.

போன மார்ச் கடைசிச் சனிக்கிழமை. நான், மனைவி, பதின்மூன்று வயது மகள், கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அப்பா. இண்டியோ தாண்டி நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணி நேரம் போனால் பூங்காவின் தெற்கு வாசல் வருகிறது. அங்கே ஒரு ஜோஷுவா மரம்கூடக் கிடையாது. பூங்காவுக்குள் இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. வடமேற்கில் உயரமான மொஹாவே, அங்கேதான் அந்த மரங்கள். தெற்கே தாழ்வான கொலராடோ பாலைவனம், வெயில் கூடுதல், முட்செடிகளும் ஓகோட்டீயோ என்ற முட்புதரும்தான். மகளுக்கு ஏமாற்றம். "பேர்ல இருக்கிற மரமே இல்லாத பார்க்குக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று காரிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

முதல் நன்றி பார்வையாளர் மையத்தில் இருந்த ரேஞ்சர் அம்மாவுக்கு. லாஸ்ட் பாம்ஸ் என்ற பனஞ்சோலைக்குப் போய் வர ஏழரை மைல், அதாவது பன்னிரண்டு கிலோமீட்டர், வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். "நிறைய இருக்கிறது" என்றேன். இருந்தது அரை லிட்டர் பாட்டில் பத்து, நான்கு பேருக்கு. பாலைவனத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர், நடப்பவர்களுக்கு அதற்கும் மேலே என்று உங்கள் தலைக்குப் பின்னாலேயே எழுதியிருந்தது. வெளியே குழாயும் இருந்தது. என் முகத்தைப் பார்த்தே உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், "சரி, பாதித் தண்ணீர் தீர்ந்ததும் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்பிவிடுங்கள், சோலையை மேட்டிலிருந்து பார்த்தாலே அழகுதான், கீழே இறங்கியே ஆக வேண்டும் என்றில்லை" என்றீர்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கரிசல் காட்டில் சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கிரிக்கெட் ஆடியவனிடம் மார்ச் மாத வெயிலைப் பற்றிச் சொல்கிறார்களே என்று மனதுக்குள் ஒரு சிரிப்பு வேறு. சாப்பாட்டுப் பையையும், வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காரிலேயே வைத்துவிட்டோம். நடக்க ஆரம்பிக்கும்போது மணி பத்தே முக்கால். அதுவே தாமதம்.

அடுத்தது என் அலுவலக நண்பர். பாலைவன நடைக்குப் போகிறேன் என்றதும் "ஒரு சீப்பு எடுத்துக்கொள்" என்றார். தலையில் முடியே இல்லாத எனக்குச் சீப்பு எதற்கு என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். நண்பரே, அது கேலி இல்லை என்று இரண்டாவது மைலில் புரிந்தது.

சோயா என்று ஒரு கள்ளி (எழுத்தைப் பார்த்து நான் 'சோல்லா' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்). தூரத்தில் பஞ்சு பொம்மை போல இருக்கும். அதன் கணுக்கள் சும்மா உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். கழன்று விழுந்த கணு வேர்விட்டுப் புதுச் செடியாகிவிடுமாம், அதற்கு நாம்தான் வண்டி. மகளின் கெண்டைக்காலில் எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டது. நான் பதறிப்போய்க் கையால் பிடுங்கினேன், இப்போது என் விரலிலும். அந்த நேரத்தில் எதிரே வந்த, கல்லூரி மாணவி போல இருந்த பெண்ணே, நீ ஒரு வார்த்தை பேசாமல் பையிலிருந்து பெரிய பல் சீப்பை எடுத்தாய், கள்ளிக்கும் தோலுக்கும் நடுவில் அதை நுழைத்தாய், ஒரே தெறி. அது பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. மிச்ச முள்ளைச் சின்ன இடுக்கியால் எடுத்தாய். என் விரலுக்கும் அதே வைத்தியம். மகள் அழுது முடிப்பதற்குள் நீ கிளம்பிவிட்டாய், சீப்பை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டு.

சோலை வரைக்கும் போனோம். பாதித் தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது, ஆனால் பள்ளத்தாக்கில் அந்தப் பனைகளை மேலிருந்து பார்த்த பிறகு இறங்காமல் வர அப்பாவுக்கு மனசு வரவில்லை என்று சொல்லலாம். உண்மையில் எனக்குத்தான் வரவில்லை. கலிஃபோர்னியாவின் மண்ணுக்கே சொந்தமான ஒரே பனை வகை இது. நிலத்தடி நீர் மேலே வருகிற இடத்தில்தான் நிற்கும். காய்ந்த ஓலை உதிராமல் அடிமரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்கும். அப்பா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நம்ம பனைதாம்ல. ஒரு பயலும் ஓலை கழிக்கல, அதான் இப்படிக் கெடக்கு" என்றார். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கஹுயீயா மக்கள் அந்தக் காலத்தில் இதன் பழத்தைத் தின்றார்கள், ஓலையில் கூரை வேய்ந்தார்கள், காய்ந்த ஓலைக்குத் தீ வைத்துப் பூச்சியை அழித்துக் காய்ப்பைக் கூட்டினார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். அப்பாவுக்கு அதில் ஒரு திருப்தி. ஆக, ஆள் இருந்திருக்கிறது.

ஏறும்போதுதான் என் வலது ஷூவின் சோல் முன்பக்கமாக வாயைப் பிளந்தது. பத்து நிமிடத்தில் இடதும். எட்டு வருடம் முன்பு வாங்கி, நாலு தடவை போட்டுவிட்டு, கராஜில் வைத்திருந்த நல்ல விலை பூட்ஸ். போடாமல் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மெத்தென்று இருப்பதற்காக நடுவில் வைக்கும் பாலியூரித்தேன் அடுக்கு காற்றின் ஈரத்தை வாங்கிச் சும்மா இருக்கும்போதே உள்ளுக்குள் பொடிந்துவிடும். இதை எனக்குச் சொன்னவர் அந்தப் பெரியவர். எழுபது வயதிருக்கும், மனைவியோடு வந்திருந்தார். கைத்தடியில் சாம்பல் நிற டக்ட் டேப்பைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருந்தார். என்னை ஒரு பாறையில் உட்கார வைத்து, காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு (ஐயா, வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், நம் ஊரில் பெரியவர் மடியில் காலை வைப்போமா), எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாக டேப்பைச் சுற்றினார். எழுந்து குதிக்கச் சொன்னார். குதித்தேன். அவர் மனைவி சிரித்துக்கொண்டே, இந்த டேப்பைப் பல வருடமாகச் சுமந்துகொண்டு அலைகிறார், இன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது என்றார். ஐயா, என்னைவிட உங்களுக்குத்தான் அன்று சந்தோஷம் அதிகம் என்று தோன்றியது. அந்த டேப் கார் வரை பிரியவில்லை. வீட்டில் கத்திரிக்கோலால் வெட்டித்தான் ஷூவைக் கழற்றினேன்.

இனி சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அறுபத்தெட்டு வயது அப்பாவுக்கு வெயில் தாங்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவன் நான். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர், விடிகாலையில் நடக்காத நாளே கிடையாது. ஒரே சீராக, மாடு மாதிரி நடந்துகொண்டிருந்தார். விழுந்தது நான். மணி மூன்றரை. தலைவலி, குமட்டல், ஒரு மணல் ஓடையில் முட்டி மடங்கிவிட்டது. சட்டை நனையவே இல்லை, அதனால் வியர்க்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நம்பியிருந்தேன். கோவில்பட்டி வெயில் வியர்வையைச் சட்டையில் காட்டிக்கொடுக்கும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வருவதற்குள் உறிஞ்சிவிடுகிறது, சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் மிச்சம். செல்போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. மனைவி முகம் வெளுத்துப்போனது.

அப்போது வந்தவர்கள் இரண்டு பெண்கள், அவர்களில் ஒருவர் மருத்துவமனைச் செவிலியர். அக்கா என்றே சொல்கிறேன். என் கையில் மயிர்க்கூச்செறிந்திருப்பதைப் பார்த்ததுமே, இந்த வெயிலில் புல்லரிக்கிறதா, நடந்தது போதும் என்று பாறை நிழலுக்கு இழுத்துப் படுக்க வைத்துக் காலைப் பையின்மேல் தூக்கி வைத்தீர்கள். உங்கள் நீலக் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் சுற்றினீர்கள். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைப் போட்டு, மடக் மடக்கென்று குடிக்கவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தாலும் உடம்பின் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகும் என்று என் மனைவியிடம் விளக்கிக்கொண்டே இருந்தீர்கள். கடகடவென்று கேள்வி வேறு. இன்று என்ன கிழமை? சனி. எந்த ஊர்? "கோவில்பட்டி" என்றேன். உங்கள் முகம் மாறிவிட்டது. புத்தி தடுமாறினால் அது வெறும் மயக்கம் இல்லை, உயிருக்கே ஆபத்தான வெப்பத்தாக்கு என்று தோழியிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பாதான் குறுக்கே வந்து, தெரிந்த ஆங்கிலத்தில், "கரெக்ட் மேடம், கரெக்ட், நேட்டிவ் பிளேஸ்" என்று அடித்துச் சொன்னார். இப்போதும் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று உங்களுக்குச் சிரிப்பு வர ரொம்ப நேரம் பிடித்தது.

அதற்குள் இரண்டு தம்பிகள் வந்து சேர்ந்தார்கள், கூடார முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பாறை ஏறும் பையன்கள். என் பையைக் கேட்காமலே எடுத்து முதுகில் போட்டுக்கொண்டார்கள். இருந்த தண்ணீரை எங்களிடமே விட்டுவிட்டு, இரண்டரை மைல் ஓட்டமும் நடையுமாகப் போய் ரேஞ்சரிடம் சொல்லிவிட்டு, ஒரு கேலன் கேனும் தலையில் மாட்டும் விளக்கும் எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தார்கள். திரும்பும்போது நாங்கள் ஒரு முறை நடந்த அந்தத் தூரத்தை அவர்கள் எத்தனை முறை நடந்தார்கள் என்று மகள் கணக்குப் போட்டாள். வெயில் இறங்கிய பிறகு அக்கா சரி என்று சொல்லி, மெதுவாகக் கிளம்பி, ஏழு மணிக்கு, பொழுது சாயும் நேரத்தில் வாகன நிறுத்தத்துக்கு வந்தோம். பெரியவரும் அவர் மனைவியும் போகாமல் காரில் உட்கார்ந்திருந்தார்கள். டேப் தாங்கியதா என்று பார்க்கத்தான் என்றார்.

ரேஞ்சர் அம்மா அங்கே நின்றிருந்தீர்கள். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். "பாதித் தண்ணீரில் திரும்பினீர்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். எனக்கு முன்னால் அப்பா "யெஸ், யெஸ்" என்றார். அவருக்குக் கேள்வி புரியவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

காரில் இருந்த சாப்பாட்டுப் பையை அப்போதுதான் திறந்தோம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பத்துப் பேருக்குப் பத்தாது, ஆளுக்கு ஒரு கை என்று காகிதத் தட்டில் போனது. தம்பிகளில் ஒருவன் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றான். அந்த உப்பும் புளிப்பும் மதியமே வயிற்றுக்குள் போயிருந்தால் நான் படுத்திருக்கவே மாட்டேனோ என்னவோ என்று அக்கா சொன்னதிலிருந்து மனைவி என்னை எங்கேயும் சாப்பாட்டுப் பை இல்லாமல் விடுவதில்லை.

இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று மகள் சொல்கிறாள், அவர் இறந்து பல காலம் ஆகிறது. மினர்வா ஹாய்ட் என்று ஒரு பெண்மணி. கள்ளிச் செடிகளை வேரோடு பிடுங்கித் தோட்டங்களுக்குக் கொண்டுபோன காலத்தில், பாலைவனச் செடிகளை ஊர் ஊராகக் கண்காட்சி வைத்துக் காட்டி, விடாமல் கேட்டு, 1936இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இந்த நிலத்தைத் தேசிய நினைவிடமாக அறிவிக்கக் காரணமாக இருந்தவர். தேசியப் பூங்கா ஆனது 1994இல். சரி, அவருக்கும் நன்றி. அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் அந்தச் சோயா அங்கே இருந்திருக்காது என்பதையும் மகளிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா, உங்கள் நீலக் கைக்குட்டை எங்களிடம்தான் இருக்கிறது. துவைத்து, இஸ்திரி போட்டு, அந்தச் சீப்போடு காரின் முன் அறையில் வைத்திருக்கிறோம். நவம்பரில், வெயில் தணிந்ததும், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீரும் டேப் சுற்றிய கைத்தடியுமாக மறுபடி வருகிறோம். அப்பா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி அந்தத் துணியைக் கொடுத்தாச்சா என்பது. இரண்டாவது கேள்வி, அங்கே யாராவது ஓலை கழித்தார்களா என்பது.