ஹஜ் விளக்க வகுப்பு நடத்துகிறவர்களே, உடம்பைப் பற்றியும் பேசுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒவ்வொரு வருஷமும் ஹஜ்ஜுக்கு முன்னால் பள்ளிவாசலிலும் கல்யாண மண்டபத்திலும் விளக்க வகுப்பு நடத்துகிற ஹஜ்ரத்மார்களுக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், ஹாஜிகளை அழைத்துப் போகிற பயண ஏற்பாட்டாளர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். 2024-இல் உம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து போய் வந்தேன். ஹஜ் முழக்கமான தல்பியாவைத் திருத்தமாக ஓதியது, இஹ்ராம் என்கிற ஹஜ் கட்டுப்பாட்டு நிலையில் எது கூடும் எது கூடாது, எதற்குத் தம் என்கிற பலி கொடுக்க வேண்டும், எல்லாம் அப்படி ஒரு வகுப்பில் படித்ததுதான். அதில் எந்தக் குறையும் இல்லை, அல்லாஹ் நற்கூலி தரட்டும். ஆனால் காலையிலிருந்து மாலை அஸர் தொழுகை வரை நடந்த வகுப்பில் உடம்பைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. "பொறுமையா இருங்க, அல்லாஹ் லேசாக்குவான்" என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது.

மக்காவில் ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏறக்குறைய 450 மீட்டர். ஏழு தடவை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். கஅபாவைச் சுற்றி வருகிற தவாஃபை முடித்த காலோடு, பளிங்குத் தரையில் வெறுங்காலில் அதை நடக்க வேண்டும். தவாஃபுக்குக் கீழே இடமில்லை என்று மாடிக்கு அனுப்பிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் பல மடங்கு நீண்டுவிடும். ஹாஜிகள் தங்குகிற மினாவில் கூடாரம், கல்லெறிகிற ஜம்ராவுக்குப் பக்கத்தில் அமைந்தால் நம் நல்ல நேரம், இல்லையென்றால் பிறை 10, 11, 12 மூன்று நாளும் போகவும் வரவும் கிலோமீட்டர் கணக்கில் நடைதான். எங்கள் உம்மா ஊரில் கடைத்தெருவுக்கே ஆட்டோவில் போகிறவர். இந்தக் கணக்கை மூன்று மாதம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் தினமும் அவரை நடக்க வைத்திருப்பேன், அதுவும் மக்காவுக்குக் கொண்டுபோகிற அதே செருப்போடு. புதுச் செருப்பு வாங்கிப் பெட்டியில் வைத்து, அங்கே போய்த்தான் காலில் மாட்டி, முதல் நாளே கொப்புளம் கண்டவர்கள் எங்கள் குழுவிலேயே நிறைய.

ஆண்கள் பாடு வேறு. இஹ்ராமின் தைக்காத துணியில் நடந்து நடந்து தொடை உரசிப் புண்ணாகி, காலை அகட்டி அகட்டி நடந்தவர்களை மினாவில் பார்த்தேன். வாசனையில்லாத வாஸலின் களிம்பு பூசலாமா என்று கேட்க வெட்கம். இந்த மஸ்அலாவை (மார்க்கச் சட்டத்தை) மைக்கில் நீங்களே சொல்லிவிட்டால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. தலையை மூடத்தான் கூடாது, குடை பிடிக்கலாம் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஜம்ராவில் கல்லெறிகிற வரைக்கும் ஒரு தோழர் துணியை உயர்த்திப் பிடித்து வெயில் படாமல் பார்த்துக்கொண்டார் என்று ஹதீஸ் இருக்கிறது. அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. 2024 ஜூன் 17 அன்று மக்காவின் ஹரம் பள்ளிவாசலில் 51.8 டிகிரி. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அதில் 83 சதவீதம் பேர் அனுமதியில்லாமல் வந்தவர்கள், தங்க நிழல்கூட இல்லாமல் வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள். அப்படியென்றால் மீதி இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நம்மைப் போல முறையாகப் போனவர்கள் என்றுதானே அர்த்தம்? ஹஜ் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் இன்னும் சில வருஷத்தில் வெயில் தணியும், சரி, தூரம் குறையாதே.

தண்ணீர் விஷயம் ஒன்று. ஹாஜிகள் ஓர் இரவு தங்குகிற முஸ்தலிஃபாவில் வெட்டவெளியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். பக்கத்துப் பாயில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியம்மா, கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் நனைத்து நனைத்து வைத்தார். ஏன் பெரியம்மா குடிக்கவில்லை என்றால், பெண்கள் கழிவறை வரிசையைக் கண்ணால் காட்டினார். அதற்கு முன் அரஃபா மைதானத்திலும் மதியத்திலிருந்து அப்படித்தானாம். இது அவர் ஒருவர் கதை இல்லை, வயதான பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் உட்பட. இதை எந்த வகுப்பில் யார் சொல்கிறார்கள்?

மார்க்கம் தந்திருக்கிற சலுகைகளையும் இதே ஓரத்தில்தான் வைத்துவிடுகிறீர்கள். உம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது, சக்கர நாற்காலி எடுக்கலாம் என்றால் "நடந்து செஞ்சாத்தான் முழு நன்மை" என்று பிடிவாதம். விடைபெறும் ஹஜ்ஜில் நபியவர்களே ஒட்டகத்தின் மேலிருந்து தவாஃப் செய்தார்கள், உடம்பு சரியில்லாத தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் ஏறி மக்களுக்குப் பின்னால் சுற்றச் சொன்னார்கள், கனத்த உடம்புள்ள இன்னொரு துணைவியார் ஸவ்தா (ரலி) அவர்களைக் கூட்டம் நெருக்குமுன் முஸ்தலிஃபாவிலிருந்து இரவிலேயே கிளம்ப விட்டார்கள். இதையெல்லாம் மகள் சொன்னால் எடுபடாது. ஹஜ்ரத் சொன்னால் அந்த நிமிஷமே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எங்களைப் போன்ற ஷாஃபி மத்ஹபுக்காரர்கள் (ஷாஃபி சட்டவழியைப் பின்பற்றுகிறவர்கள்) தவாஃப் கூட்டத்தில் ஆணுக்கு அந்நியப் பெண் கையோ பெண்ணுக்கு அந்நிய ஆண் கையோ பட்டதும் ஒளு (தொழுகைக்கான சுத்தம்) போய்விட்டது என்று திரும்பத் திரும்ப வெளியே ஓடுகிறார்கள். அந்த நெருக்கடியில், தொட்டால் ஒளு போகாது என்கிற ஹனஃபி சட்டத்தை எப்படிப் பின்பற்றுவது என்று ஊரிலேயே சொல்லி அனுப்புகிற ஹஜ்ரத்மார்கள் உண்டு. எல்லோரும் சொன்னால் என்ன?

அப்புறம் பெண்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம், சந்தேகத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஹைள் என்கிற மாதவிலக்கைப் பற்றி எழுதிய சீட்டுக்கு வந்த பதில் ஒரே வரி: "தவாஃப் கூடாது, மற்றதெல்லாம் கூடும்." சரிதான். மக்காவுக்குப் போகும் வழியில் ஸரிஃப் என்ற இடத்தில் ஹைள் வந்து அழுதுகொண்டிருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் நபியவர்கள் சொன்னது அதுதான். விடை பெறும் தவாஃபை விட்டுவிடலாம் என்ற சலுகையும் தெரியும். ஹஜ்ஜின் கடமையான தவாஃப் பாக்கியிருக்கும்போது ஊர் திரும்பும் விமானத் தேதி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி, அதற்கு ஒரு வரி போதாது. தள்ளிப்போடும் மாத்திரையை யாரையும் கேட்காமல் வாங்கிப் போட்டு, நடுவில் விட்டு விட்டு ரத்தம் பட்டு, இது ஹைளா இல்லையா என்று தெரியாமல் அறையில் அழுத பெண்கள் இருக்கிறார்கள். 2018-லிருந்து மஹ்ரம் (கணவர் அல்லது நெருங்கிய ஆண் உறவினர்) துணையில்லாமலும் பெண்கள் ஹஜ் கமிட்டி மூலம் போகிறார்கள். அவர்கள் அங்கே யாரைப் போய்க் கேட்பார்கள்?

பயண ஏற்பாட்டாளர்களுக்கு அதிகமில்லை. விளம்பரத்தில் "ஹரமுக்கு நடக்கும் தூரம்" என்று போடுகிறீர்களே, யார் நடந்து பார்த்துச் சொன்னது? மீட்டரில் போடுங்கள். மினா கூடாரம் எங்கே என்று தெரிந்ததும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

கடைசிப் பெண்ணையும் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் ஹஜ் என்று நம் ஊரில் வைத்திருக்கிற கணக்கையும் ஒரு ஜும்ஆ பயானில் எடுத்துப் பேசுங்களேன். முட்டி நன்றாக இருக்கும்போதே கடமையாகிவிட்டவர்கள் எத்தனையோ பேர், சீர்வரிசைக்குச் சேர்த்து வைத்துக்கொண்டே அறுபதைத் தாண்டிவிடுகிறார்கள்.

நான் கேட்பது வகுப்பில் ஒரு அரை நாள். ஒரு டாக்டர், ஒரு ஆலிமா (மார்க்கம் படித்த பெண்), போன வருஷம் போய் வந்த ஹாஜிகளில் வயதான இரண்டு பேர், போதும். தேதி குறித்ததும் சொல்லுங்கள், பெண்கள் பக்கம் பேச ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். மாத்திரை விஷயத்துக்கு மட்டும் ஒரு லேடி டாக்டரை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.