முன் சக்கரமும் இழுக்கிறது

பள்ளத்தூர்,
கார்த்திகை 9

அன்புள்ள முத்து,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின வாரமே கிடைத்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு என் முழங்கால் வலி ஒரு காரணம், ஓடாமல் கிடந்த ஐயாவின் வண்டியை மறுபடி ஓடவைக்கும் வேலை இன்னொரு காரணம். இரண்டில் எது பெரிது என்று என் வீட்டில் கேட்டால் தயங்காமல் வண்டியைத்தான் சொல்வார்கள்.

மலையும் இல்லாமல் மேடும் இல்லாமல் கிடக்கிற செம்மண் பொட்டலில் ஓட்டுவதற்கு நான்கு சக்கர இழுவை எதற்கு, முன் அச்சை மறந்துவிட்டு ஒரு டீசல் எஞ்சினை ஏற்றி நிம்மதியாக இரு என்று எழுதியிருந்தாய். கோயம்புத்தூர் வார்ப்படத் தொழிலில் முப்பது ஆண்டு செலவுக்கணக்குப் பார்த்தவன் வேறு எப்படி எழுதுவாய்? ஆனாலும் நீ சொன்ன இரண்டையும் நான் செய்யவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வில்லிஸ் ஸ்டேஷன் வேகனை நீ மறந்திருக்க மாட்டாய். அழகப்பா கல்லூரியில் படித்தபோது பிள்ளையார்பட்டிக்கு ஒருமுறை அதில் போனோமே, வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பது உன் வேலையாக இருந்ததே, அதே வண்டிதான். 1953-ஆம் ஆண்டு உருப்படி. ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைத்து அமெரிக்காவில் 1946-இல் முதலில் வந்தபோது, அந்தக் காலத்து ஸ்டேஷன் வேகன்களுக்குப் பின்பாதி மரத்தால் கட்டுவது வழக்கமாக இருந்ததால், முழுதும் இரும்பான இந்த உடலுக்கு மரச்சட்டம் போலத் தோன்றும்படி வண்ணம் தீட்டி விற்றார்களாம். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 1949 முதல்தான் நான்கு சக்கர இழுவையோடும் விற்றார்கள். எங்கள் ஐயா 1961-இல் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து இதை வாங்கினார். ஆகவே மலையேறி உழைத்து முடித்துவிட்டுத்தான் இது நம் பொட்டலுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டைப் போலவே வண்டியும் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ஆளையே பிடிக்க முடியாத இடத்தில். காரைக்குடியில் பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர் வந்து, முன் கிரில்லையும் ஸ்டீயரிங் வளையத்தையும் மட்டும் கழற்றிக் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்றார். நிலைக்கதவையும் தூணையும் தனித்தனியாகப் பெயர்த்து விற்ற வீடுகளை இந்தத் தெருவிலேயே பார்த்துவிட்டதால், அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுப் பங்காளிகளுக்கு அன்றைக்கே எழுதினேன். செலவு உன்னுடையது, வண்டி எல்லாருடையது என்று பதில் வந்தது. நியாயம்தான்.

எஞ்சின் நான் பயந்த அளவுக்குப் படுத்தவில்லை. அது 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர். இன்லெட் வால்வு மேலே ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும் விசித்திரமான அமைப்பு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்ட பிறகு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மெல்ல அசைத்தபோது விட்டுக்கொடுத்தது. ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் அது ஏறி இறங்கும் குழலில், அதாவது கைடில், ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அது பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்று பெட்ரோல் பம்பின் உள்சவ்வான டயாஃப்ரமையும் குழாய்களையும் முன்கூட்டியே மாற்றிவிட்டேன். பிரேக்குக்கு வீல் சிலிண்டர் நான்கிலும் பித்தளைக் குழல் இறக்கினோம். மின்சாரத்தில் மட்டும் பழைய ஆறு வோல்ட்டைக் கைவிட்டுப் பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டேன். ஆறு வோல்ட்டில் 35 வாட் பல்புக்கு ஆறு ஆம்பியர் ஓட வேண்டும், பன்னிரண்டில் மூன்று போதும். எலி கடித்த இந்த ஒயரை நம்பி ஆறு ஆம்பியர் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

என்னைப் படுத்தியதெல்லாம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்பர் கேஸ்தான். ஸ்பைசர் 18 என்று அதற்குப் பெயர். கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை நடுவில் உள்ள பல்சக்கரம் ஒன்று வாங்கிக் கீழ்த்தண்டுக்குக் கொடுக்க, அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் முன்னாலும் ஒன்று பின்னாலும் போகிறது. லோ போட்டால் வேகம் 2.46-இல் ஒரு பங்காகக் குறைந்து, இழுவை அந்த அளவுக்குக் கூடும். பெட்டியை இறக்கிக் கழுவியபோது, நடுச்சக்கரத்தைத் தாங்கும் தண்டும் அது உட்காரும் துளையும் தேய்ந்து, அந்த இடைவெளி வழியே பல ஆண்டுகளாக ஆயில் கசிந்திருப்பது தெரிந்தது. பின்வாயில் ஆயில் சீலும் கல்லாக இறுகிப்போயிருந்தது. இந்த வண்டிக்குக் கைப்பிரேக் சக்கரத்தில் கிடையாது, இந்தப் பெட்டியின் பின்வாயிலில் ஒரு டிரம்மில் இருக்கிறது. டிரம்மைத் திறந்தால் லைனிங் இரண்டும் ஆயிலில் ஊறிக் கருத்து மின்னின. நீ பிள்ளையார்பட்டியில் எதற்காகக் கல் பொறுக்கினாய் என்பது ஐம்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு விளங்கியது!

நம் நாட்டு ஜீப்புகளில் இதே பெட்டியை வெகுகாலம் வைத்திருந்ததால், தண்டும் பேரிங்கும் மதுரையில் கேட்டவுடன் கிடைத்தன. கிடைக்காதது முன் ஷாஃப்ட். முன்பொரு காலத்தில் ஒரு பட்டறையில் அதைக் கழற்றி வைத்தார்கள், திரும்பி வரவே இல்லை. நீ சொன்ன யோசனையை அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள், அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? முன் சக்கரங்களைத் தனியே விடுவிக்கும் ஹப் இந்த வண்டியில் இல்லாததால், ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்போதெல்லாம் உள்ளே அச்சும் அதைச் சுழற்றும் கிரவுன் பல்சக்கரமும் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வேலை செய்யாத அச்சுக்கு யார் ஆயில் பார்ப்பார்கள்? திறந்தபோது அடியில் ஒரு கரண்டி ஆயில்கூட இல்லை, கிரவுனோடு கோக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங் அம்மை விழுந்தது போலக் குழி குழியாக இருந்தது. சக்கரம் திரும்பும் இடத்து உருண்டையில் தண்ணீரைத் தடுக்கும் கம்பளி ஃபெல்ட் வளையம் காய்ந்து உதிர்ந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் துருவோடு சேர்ந்து செங்காவிக் களிம்பாகியிருந்தது. முன் அச்சை மறந்துவிடு என்று நீ எழுதியதைப் படித்தபோது அந்தக் களிம்புதான் என் கண்முன் நின்றது.

புது ஷாஃப்டை அளவெடுத்து லேத்தில் செய்துகொண்டோம். முதல் ஓட்டத்திலேயே தரை அதிர்ந்தது. இரண்டு நாள் பேலன்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் நான் கீழே படுத்துப் பார்த்தால், நடுவில் நீண்டு சுருங்கும் பல் இணைப்பை ஃபிட்டர் ஒரு பல் தள்ளிக் கோத்திருக்கிறார். இரு முனையிலும் மடங்கிச் சுற்றும் மூட்டான கிராஸைப் பிடிக்கும் ஏந்திகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு முனையில் வரும் குலுக்கலை மறுமுனை ஈடுகட்டாது. கழற்றி ஒரு பல் திருப்பிப் போட்டதும் அதிர்வு நின்றுவிட்டது. இப்போது இரண்டு பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் அம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் மழை விட்ட மறுநாள் காலையில் கண்மாய்க் கரையடியில் இறக்கினேன். களிமண்ணில் பின் சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரியடித்தன. முன் சக்கர இழுவைக்கான லீவரைப் போட்டு, லோவும் போட்டு, கிளச்சை மெல்ல விட்டேன். முன்பக்கம் ஒரு முழம் தயங்கியது, பிறகு டயர் மண்ணைக் கவ்வி, மாடு கரையேறுவதுபோல அவசரமில்லாமல் ஏறி வந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். லீவரை எடுக்க மறந்து தார் ரோட்டில் ஏறித் திரும்பினேன். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லாததால், வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவதை மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் வழுக்க முடியாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறிவிடும். லீவர் இரண்டு கையால் இழுத்தும் வரவில்லை. இரண்டு கெஜம் ரிவர்ஸில் போனேன். உள்ளே 'டக்' என்றது, ஒற்றை விரலுக்கு லீவர் வந்தது.

டீசல் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளைப் பழம்பெருமை வாகனமாகப் பதிவதற்கு 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. சேசிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. டீசல் ஏற்றினால் அந்த வாசல் மூடிவிடும். அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் தவிர அன்றாடம் ஓட்டக்கூடாது என்பதால் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன்னால் ஆர்.சி.யை ஐயா பெயரிலிருந்து மாற்றியாக வேண்டும், அதற்குப் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆளைப் பிடிக்க முடியாதவரை இனித் தேட வேண்டும்.

வெளிப்பக்கம் டிங்கர் வேலை பின்கதவின் அடியில் மட்டும்தான். பெயிண்ட் அடிக்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவில் ஐயா முழங்கையை வைத்து வைத்துப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும் இடம் உனக்கு நினைவிருக்கலாம், அது அப்படியே இருக்கிறது.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். முன் உருண்டைகளுக்கு இங்கே கிடைத்த ஃபெல்ட் மெல்லியது, ஆறு மாதம் தாங்காது. பழைய வளையத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கெட்டியான ஃபெல்ட்டில் இரண்டு ஜோடி வெட்டச் சொல்லி, தைப்பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வரும்போது கையோடு கொண்டு வா. காரைக்குடி ஸ்டேஷனுக்கு வேகனோடு வந்து நிற்கிறேன். கைப்பிரேக் இப்போது பிடிக்கிறது, ஆனாலும் சீட்டுக்கடியில் ஒரு கல் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் பழைய நண்பன்,
சொக்கு