சேலைக்கார அக்காவுக்கு

சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நேற்று வைரல் லோடு முடிவு, அதுதான் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையின் முடிவு, வந்துவிட்டது. ‘கண்டறியப்படவில்லை’ என்று சீட்டில் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது நாலு முறை பிரித்துப் பார்த்தேன். பங்குனியில் நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை.

எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்து ஆலோசகர், முகம் பார்த்துப் பேசி மாத்திரை எண்ணிக்கொடுத்த தம்பி, வார்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள், என் மகளை எப்போதும்போல முதல் பெஞ்சிலேயே உட்காரவைத்த ஆசிரியை, எல்லாருக்கும் கும்பிடு. தனித்தனியாக எழுதவில்லை என்று குறைப்படாதீர்கள். எழுத உட்கார்ந்தால் சேலைக்கார அக்காதான் முன்னால் வந்து நிற்கிறார்.

மாத்திரையை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்கள். ஆஸ்பத்திரிப் பெயர் சொல்லி யாராவது வந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். அக்காவோ தோளில் மூட்டையோடு வந்தார். “இளம்பிள்ளைச் சேலை, தவணைக்கும் உண்டு” என்று தெருமுனையிலிருந்தே குரல். திண்ணையில் விரித்துப் பரப்பினார். பக்கத்து வீட்டு அத்தை வந்து விலை கேட்டார். அக்கா அசரவில்லை. பேரம் பேசி, மூன்று தவணைக்கு ஒன்றை விற்றே விட்டார்!

அத்தை உள்ளே போனதும், மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றின் முனையை மடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். மடித்துக்கொண்டே கிட்டே வந்தவர், “எத்தனை நாளாக விழுங்கவில்லை?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. “நானும் விழுங்குகிறவள்தான். 2004இல் தாம்பரம் ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது வரிசையில் நின்றவள். அப்போது காலையும் ராத்திரியும் விழுங்க வேண்டும். உனக்கு நாளைக்கு ஒன்றுதானே, அதற்கா இந்தச் சலிப்பு?” ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் ஏசினார். அந்த ஏச்சில்தான் அழுகை வந்தது.

மூன்று தவணையை அக்கா ஏழு மாதம் இழுத்தார். அத்தை பணத்தை நீட்டினாலும், “அவசரமென்ன, அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்” என்பார். அந்தச் சாக்கில் என் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டுப் போவார்.

என் சம்மதமில்லாமல் என் நிலையை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டே சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர எத்தனை நாளாகுமோ! அதுவரை மூட்டை வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை பாதி மூட்டையோடு நானும் ஒரு வீட்டுக்குப் போகிறேன். பேரம்தான் இன்னும் பழகவில்லை.

அக்கா, மயில்கழுத்துக்கு எவ்வளவு சொல்லட்டும்?

உங்கள் தங்கை