டச்பேடை மறந்துவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

டேப்லெட் இயங்குதளப் போட்டி பற்றிய கட்டுரையில் ஐபேடும் ஆண்ட்ராய்டும் மட்டுமே இருந்தன. தோற்றவர்களையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். 2011 ஜூலையில் எச்பி, வெப்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் டச்பேட் டேப்லெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்டிலேயே கைகழுவி, 499 டாலர் சாதனத்தை 99 டாலருக்குத் தள்ளிவிட்டது. ஆனால் ஆப்களைச் சீட்டுக்கட்டு போல விரித்து, வேண்டாததை விரலால் மேலே தள்ளி மூடும் அதன் வசதியைத்தான் இன்று ஐபேடிலும் பார்க்கிறோம்! மைக்ரோசாஃப்டின் டேப்லெட் இயங்குதளமான விண்டோஸ் ஆர்டியில் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஓடவில்லை. 2013இல் 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினார்கள்.

இப்போது சீன நிறுவனமான ஹுவாவேயின் ஹார்மனிஓஎஸ் இயங்குதளம். சீனாவுக்குள் சரி. வெளியே, கூகுள் ஆப்கள் இல்லாமல் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது சந்தேகம்தான்.

ஒரு வாசகர்,
திருச்சி