2024ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை: பிரவுன் கவுன்டி முகாம்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இண்டியானா மாநிலக் கொலம்பஸ் வாழ் தமிழ்க் குடும்பத்தாரே, பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து இன்று நம்மோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொங்கல், சித்திரைத் திருநாள், தீபாவளி மூன்றும் நல்லபடியாக நடந்தன. சமையல் பொறுப்பை ஏற்றவர்களுக்கும், விழா முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நாற்காலி மடக்கி வைத்தவர்களுக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நம் முகாம்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த குடும்பங்களில் பாதிப்பேர் விழா மேடையில் நம்மைப் பார்த்துப் பழகியவர்கள் அல்ல. டென்ட்டுக்கு முளை அடிக்கும்போது பழகியவர்கள்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து 46ஆம் எண் மாநிலச் சாலையில் மேற்கே அரை மணி நேரம் போனால் பிரவுன் கவுன்டி ஸ்டேட் பார்க். 1929இல் தொடங்கியது, ஏறக்குறைய 16,000 ஏக்கர், இண்டியானாவின் மாநிலப் பூங்காக்களிலேயே பெரியது. சோளக்கொல்லையும் தட்டை நிலமுமே கண்டு பழகிய நமக்கு அங்கே மேடும் பள்ளமுமாக நிலம் திடீரென்று மாறுவது முதல் தடவை வியப்பாக இருக்கும். பனியுகத்துப் பனிப்பாறைகள் மாநிலத்தின் வடக்கையும் நடுப்பகுதியையும் மட்டமாக்கிவிட்டு, இந்தக் குன்றுகளை எட்டாமல் நின்றுவிட்டன. வீட் பேட்ச் ஹில் 1,058 அடி. கொடைக்கானல் பார்த்தவர்களுக்கு அது உயரமே இல்லை. ஆனால் காலைப் பனிமூட்டத்தில் அங்கே நின்று, வரிசை வரிசையாக முதுகு காட்டி நிற்கும் குன்றுகளைப் பார்த்தவர்கள் பனிமூட்டத்துக்குப் பேர்போன ஸ்மோக்கி மலைகளை வைத்து இதற்கு ‘லிட்டில் ஸ்மோக்கீஸ்’ என்ற செல்லப்பெயர் ஏன் வந்தது என்று கேட்க மாட்டார்கள். வடக்கு வாசலில் நாம் கடந்து போகும் கூரைபோட்ட மரப்பாலம் 1838இல் கட்டப்பட்டது. 1932இல் புட்னம் கவுன்டியிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள்.

ஏப்ரல் 8ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்துக்கு ஒரு நாள் பயணமாகப் போனோம். பிற்பகல் 3 மணி தாண்டி மூன்று நிமிடத்துக்கும் மேல் இருட்டு. கைதட்டிய பிள்ளைகளும் உண்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஏப்ரல் கடைசியில் நடந்த களையெடுப்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. இன்று நாம் நிழலில் டென்ட் போடும் அந்தக் காடு தானாக நின்றதல்ல. மரமெல்லாம் வெட்டப்பட்டு, சரிவில் உழுது, மண் கரைந்தோடிப் போன பண்ணை நிலங்கள் அவை. 1930களில் வேலையில்லாத் திண்டாட்டத்தின்போது அரசு அமைத்த சிசிசி படையைச் சேர்ந்த இளைஞர்கள் அரிப்பைத் தடுக்க பைனும் லோகஸ்ட்டும் வால்நட்டும் நட்டார்கள். கல்லும் மரமுமாக அவர்கள் கட்டிய ஷெல்டர்களில்தான் இன்றும் நாம் புளியோதரையைப் பிரித்துவைத்துச் சாப்பிடுகிறோம். பிறகு வேட்டையே இல்லாமல் மான்கள் பெருகி, எட்டிய உயரத்துக்குக் காட்டின் கீழ்ச்செடியெல்லாம் மேய்ந்து தீர்த்தன. 1993இல் கட்டுப்பாட்டுடன் வேட்டையை அனுமதித்த பிறகுதான் டிரில்லியம் போன்ற வசந்தகாலப் பூக்கள் மெல்லத் திரும்பின.

இப்போது அந்தப் பூக்களின் இடத்தைப் பிடிக்க வந்திருப்பது கார்லிக் மஸ்டர்ட் என்ற களை. ஐரோப்பாவிலிருந்து சமையலுக்காகக் கொண்டுவரப்பட்டது. இரண்டாம் ஆண்டில் வெள்ளைப் பூ பூத்து விதை கொட்டும்; கொட்டிய விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஆகவே காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கி, பையில் கட்டி, வெளியே எடுத்துப்போக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி இலையைக் கசக்கி முகர்ந்து, “பூண்டு வாடைல்லா அடிக்கு, துவையல் அரைக்கலாம் போலிருக்கே” என்றார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தவர்தான். தண்டின் அடியைப் பிடித்து, ஒரு திருகு திருகி, வேர் அறாமல் இழுக்கும் வித்தையை எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது அவர். தன் வயலில் களை பறித்த கை அது. ஆங்கிலம் மட்டுமே பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் அன்று மதியத்துக்குள் ‘ஆணிவேர்’ என்ற சொல்லைத் தாங்களாகச் சொன்னார்கள். இந்த ஆண்டில் நம் சங்கம் செய்தவற்றில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்தது அந்த ஒரு நாள்.

மே மாத முகாமில் இரண்டு தவறுகள் நடந்தன. மறைக்காமல் பதிவு செய்கிறேன். முதலாவது, விறகு. வீட்டுக் கொல்லையில் வெட்டிய மரத்தை ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடு காரில் ஏற்றி வந்திருந்தார். பட்டையோடு கூடிய விறகைப் பார்க்குக்குள் கொண்டுவரக் கூடாது. ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டின் புழுக்கள் பட்டைக்கு அடியில்தான் இருக்கும். 2004இல் இண்டியானாவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பூச்சி ஊர் ஊராகப் போக மனிதர் சுமந்த விறகும் ஒரு காரணம். விதியை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பாதது என் பிழை. இனி முத்திரையிட்ட விறகையோ பட்டை உரித்ததையோ மட்டும் வாங்குவோம்.

இரண்டாவது, சாப்பாடு. சனிக்கிழமை இரவு தோசை மாவு வாளியைக் கூலர் பெட்டியில் வைத்து, பெட்டியை மேசைக்கு அடியில் விட்டுவிட்டோம். நடுச்சாமத்தில் சத்தம் கேட்டு டார்ச் அடித்தால், ரக்கூன் ஒன்று பின்னங்காலில் உட்கார்ந்து, கொக்கியைக் கை விரலால் நெம்பித் திறந்து, மாவை அள்ளித் தின்றுகொண்டிருந்தது. அதன் மீசையெல்லாம் வெள்ளை. காலையில் ரொட்டியும் ஜாமும்தான். மாவு போனதைவிட எனக்குக் கவலை வேறு: மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய காட்டு விலங்கு பிறகு ஆளுக்கு அஞ்சாது, கடிக்கவும் வரும். சாப்பிடும் பொருள் எதுவாக இருந்தாலும் படுக்கப்போகுமுன் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். குழந்தையின் பிஸ்கட் பையும் டென்ட்டுக்குள் வேண்டாம்.

அதே இரவு மழையும் பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் போட்டிருந்த மூன்று டென்ட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தக் குடும்பங்களை மேட்டில் இருந்தவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தங்கள் டென்ட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான்கு பேர் படுக்கும் டென்ட்டில் ஒன்பது பேர். பெயர்கூடச் சரியாகத் தெரியாத இரண்டு வீட்டுக்காரர்கள் விடியும்வரை பேசிக்கொண்டிருந்த குரல் எனக்குக் கேட்டது. இன்று அவர்கள் ஒரே காரில் வேலைக்குப் போகிறார்கள்.

பாம்பைப் பற்றிச் சில தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். டிம்பர் ராட்டில்ஸ்னேக் என்ற கிலுகிலுப்பைப் பாம்பு அங்கே உண்டு. இண்டியானாவில் அழியும் நிலையில் இருப்பதால் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பாதையை விட்டு விலகாமல் நடந்து, விழுந்த மரத்தைத் தாண்டுமுன் அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கால் வைத்தால் போதும். உண்ணிதான் அன்றாடத் தொல்லை. மாலையில் பிள்ளைகளின் காதுப்பின்புறமும் முழங்கால் மடிப்பும் பார்க்கத் தவற வேண்டாம்.

அக்டோபர் இலையுதிர்கால முகாம் நடக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடும். நான் மூன்று வாரம் தாமதித்தேன். பஃபலோ ரிட்ஜ், ரக்கூன் ரிட்ஜ், டெய்லர் ரிட்ஜ் என்ற முகாம் திடல்கள் மூன்றிலும் நமக்கு வேண்டிய அளவு சேர்ந்தாற்போல் இடம் இல்லை. பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓகிள் ஏரியைச் சுற்றி நடந்தோம். விசா முடிந்து ஊர் திரும்பவிருந்த இரண்டு தாத்தாக்கள் நிறம் மாறிய மலையை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த நடை. ஏரிக்கரை பெஞ்சில் அவர்கள் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் முன் வைக்கும் கோரிக்கைகள் இவை. முகாம் பதிவுக்கென்று இருவர் பொறுப்பேற்க வேண்டும். அக்டோபருக்கான பதிவு ஏப்ரலிலேயே முடிய வேண்டும். பெரியவர்கள் படுக்கும் இடம் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் அமைய வேண்டும். முழங்கால் வலியோடு ராத்திரியில் சரிவு ஏறவைப்பது சரியில்லை. இரவு 11 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியோ கூட்டுப்பாட்டோ கூடாது என்பது பார்க்கின் விதி. அதை நாமே கண்டிப்பாகக் காக்க வேண்டும். களையெடுப்பை அடுத்த முறை ஒரு நாளோடு நிறுத்தாமல் இரண்டு சனிக்கிழமை செய்யலாம் என்பது என் கருத்து. பாட்டி மார்ச்சில் மறுபடி வருகிறாராம்.

சங்கத்தின் பெரிய நீலநிற டென்ட்டின் ஜிப் அறுந்திருக்கிறது. தைக்கத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். அதன் கம்பிகளில் ஒரு கட்டு யார் வீட்டிலோ இருக்கிறது. கராஜில் பார்த்துக் கொண்டுவந்து தாருங்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்