மேசையைத் தட்டுமுன் கோப்பைப் புரட்டுங்கள்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், துணை மேயர் உள்ளிட்ட 200 மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரவு செலவுத் திட்டப் புத்தகத்தைப் பொழுதுபோக்காகப் படிக்கும் கெட்ட பழக்கம் இன்னும் விடவில்லை. அந்தப் பழக்கத்தில் போட்டுப் பார்த்த ஒரு வகுத்தல் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். 2025-26ஆம் ஆண்டுக்கு நீங்கள் நிறைவேற்றிய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 8,404 கோடி ரூபாய். அதை 200 வார்டுகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு வார்டுக்கு 42 கோடி வரும். அதே பட்ஜெட்டில் உங்கள் வார்டு மேம்பாட்டு நிதி 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்ந்தது. அதாவது நூறு ரூபாயில் ஒன்றரை ரூபாய்கூட இல்லை.

சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி ஆகியவற்றை வார்டு வாரியாகப் பிரிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒன்றரை ரூபாயை உயர்த்திக் கேட்டு ஆண்டுதோறும் குரல் கொடுக்கிறீர்கள். அது எந்தத் தெருவில், யார் பெயர்ப் பலகையோடு செலவாகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறீர்கள். மீதி தொண்ணூற்றெட்டரை ரூபாய் எப்படி உங்கள் கையைக் கடந்து போகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கூட்டம் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். பார்வையாளர் மாடத்தில் உட்காராதவர்களுக்காகச் சொல்கிறேன். கேள்வி நேரத்திலும் நேரமில்லா நேரத்திலும் தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குடிநீரில் கலக்கும் கழிவுநீர் என்று ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவை அத்தனையும் உண்மையான குறைகள். அதன் பிறகு, மன்றம் களைத்துப் போன நேரத்தில், அன்றைய தீர்மானங்களின் பட்டியலான பொருள்நிரல் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த எண் முதல் அந்த எண் வரை என்று வாசிக்கப்படுகிறது, மேசைகள் தட்டப்படுகின்றன, எல்லாம் நிறைவேறிவிட்டன. தெருவிளக்குக்கு ஒரு மணி நேரம். பல ஆண்டுகளுக்கு நகரத்தைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்குச் சில விநாடிகள்.

இப்படி நிறைவேறியதில் என்ன நடக்கும் என்பதற்கு 2024 டிசம்பர் இறுதியில் நடந்ததைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் பராமரிப்புக்கு விடுவது, விளையாட வருபவரிடம் மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்ற தீர்மானம் மற்ற தீர்மானங்களோடு தீர்மானமாக நிறைவேறியது. செய்தி வெளியே வந்ததும் ஊரே கேட்டது: வடசென்னைப் பிள்ளைகள் பந்து உதைக்க மணிக்கு 120 ரூபாய்க்கு எங்கே போவார்கள்? சூட்டோடு சூடாகத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 120 ரூபாய் என்ற எண் கூட்டத்துக்கு முன்பே அந்தக் காகிதத்தில் அச்சாகித்தானே இருந்தது? ஒரு நாளில் பொதுமக்களுக்குப் புரிந்தது, வாக்களித்தவர்களுக்கு ஏன் முந்தைய நாள் புரியவில்லை? நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டால் உங்களில் எந்தக் கட்சிக்காரரும் அந்தக் கட்டணத்தை ஆதரித்திருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஆகவே இதில் கெட்ட எண்ணம் எதையும் நான் பார்க்கவில்லை. வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மைதானத் தீர்மானம் எளிதாகத் திரும்பியது, ஏனென்றால் அதில் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எல்லாம் அப்படித் திரும்புவதில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியை ஒப்பந்த நிறுவனத்திடம் விடும் தீர்மானம் 2025 ஜூனில் வந்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் அந்த மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டதில் பாதி கணக்குத்தான்: மாநகராட்சியின் கீழ் மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம், இனி எத்தனை ஆயிரம் குறையும்? தனியார்மயம் சரியா தவறா என்று இங்கே வழக்காட வரவில்லை; அதில் உங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. என் கேள்வி சிறியது. அந்தத் தீர்மானம் மேசைக்கு வந்த நாளில், இப்போது வாங்கும் சம்பளம் ஒரு பத்தியிலும் இனி கிடைக்கப்போகும் சம்பளம் அடுத்த பத்தியிலுமாக ஒரு தாளை வையுங்கள், பிறகு வாக்களிக்கிறோம் என்று எத்தனை பேர் சொன்னீர்கள்?

இந்த இடத்தில் ஒரு பழைய கதையையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2016 அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆணையரே தனி அலுவலராகவும் இருந்தார். ஒரே ஆள் ஒரு கையால் கோப்பை அனுப்பி, மறுகையால் மன்றத்தின் பெயரில் ஒப்புதலும் கொடுத்தார். தென்சென்னை உள்ளிட்ட ஏழு மண்டலங்களின் குப்பைக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் 2020இல் நடைமுறைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். நீங்கள் பதவிக்கு வருமுன்னே தொடங்கியது, நீங்கள் போன பிறகும் ஓடும். மக்கள் பிரதிநிதிகள் இல்லாத மாநகராட்சியைப் பற்றி அப்போது எவ்வளவோ பேசினோம். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். இருந்தும் கோப்பு அதே வேகத்தில் போகிறது என்றால் எங்களுக்கு என்ன வித்தியாசம்?

ஒப்பந்தப்புள்ளி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது, அதன் விதிகள் 2000இல் வந்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். யாருக்குப் பணி கிடைத்தது, மற்றவர்களின் புள்ளிகள் ஏன் நிராகரிக்கப்பட்டன என்பதும் வெளியிடப்பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெரிய பணியிலும் கேட்க மூன்றே கேள்விகள் போதும்: எத்தனை நாள் அவகாசம் கொடுத்தீர்கள், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், ஒருவர் மட்டுமே வந்திருந்தால் ஏன் மறு ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை? இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

பின்னேற்பு என்று ஒரு சங்கதி இருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்து, பில் கொடுத்து, பணமும் போன பிறகு மன்றத்தின் அனுமதி கோரப்படுவது. புயல் வெள்ளத்தில் மோட்டார் வாடகைக்கு எடுத்தார்கள், உணவுப் பொட்டலம் வாங்கினார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மன்றம் கூடும்வரை காத்திருந்திருக்க முடியாது. ஆனால் மழையும் இல்லாமல் வெள்ளமும் இல்லாமல் வரும் பின்னேற்புக்கு, ஏன் முன்கூட்டியே வரவில்லை என்று ஒரு வரி எழுதி, அதன் கீழ் ஓர் அலுவலரின் பெயரையும் பதவியையும் போடச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டும் என்றாலே பாதி குறைந்துவிடும். இதை அலுவலக அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு சாலைப் பணியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். காரணம் உங்கள் வார்டிலேயே இருக்கிறது: மேல்மேலாகப் போட்டுப் போட்டுச் சாலை ஏறிவிட்டது, வீடு இறங்கிவிட்டது, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறார்கள். மதிப்பீட்டில் மில்லிங் எனப்படும் இந்தச் சுரண்டல் ஒரு தனி உருப்படி; அதற்குத் தனிப் பணம். 40 மில்லிமீட்டர் சுரண்டுவதாக மதிப்பீடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினொரு மணிக்கு இயந்திரம் வந்து மேலாக நக்கிவிட்டுப் போனால், விடிந்து புதிய தார் போட்ட பிறகு எந்தக் கடவுளாலும் அதை அளக்க முடியாது. செய்த வேலையின் அளவைக் குறித்துவைக்கும் அளவுப் புத்தகத்தில் 40 என்றே இருக்கும். எனவே சுரண்டிய பிறகு, தார் கொட்டுமுன், தெரு ஆட்கள் இரண்டு பேர் முன்னிலையில் ஆழத்தை அளந்து படம் எடுத்துப் பதிவு செய்தால்தான் பில் என்று உங்கள் வார்டுக்குள்ளாவது ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். தீர்மானம்கூடத் தேவையில்லை. இரவில் ஒரு மணி நேரம் கண்விழித்தால் போதும். அதோடு, பணி ஆணையின் எண், ஒப்பந்ததாரர் பெயர், தொகை, சாலை உரிந்தால் அவர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டிய கடைசித் தேதி ஆகியவை தெருமுனையில் ஒரு பலகையில் இருக்கட்டும். அந்தப் பலகையில் உங்கள் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி பட்ஜெட். மேயரின் உரை அறிவிப்புகளால் நிறைந்தது. பத்திரிகைகளும் அவற்றையே போடும். எனக்கோ உரை முடிந்தபின் யாரும் புரட்டாத பக்கங்களில்தான் ருசி. ஒவ்வொரு இனத்துக்கும் சென்ற ஆண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு ஆகியவை அங்கே அடுத்தடுத்து நிற்கும். மூலதனச் செலவில் மதிப்பீட்டுக்கும் கணக்குக்கும் இடையே பள்ளம் எவ்வளவு என்று பாருங்கள். அறிவித்ததில் எது நடந்தது என்பது அங்கே தெரிந்துவிடும். 2025-26இல் மட்டும் மூலதனச் செலவு என்று 3,190 கோடி போட்டிருக்கிறீர்கள். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியிடம், கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மானிய வங்கியிடம் என்று கடன் வாங்கிச் செய்யும் நகரம் இது. அடுத்த பட்ஜெட் உரையின் முதல் பகுதி புதிய அறிவிப்பாக இருக்க வேண்டாம். போன ஆண்டு அறிவித்த ஒவ்வொன்றும் முடிந்ததா, நடக்கிறதா, கைவிடப்பட்டதா, எவ்வளவு செலவானது என்ற அட்டவணையாக இருக்கட்டும். கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் பதவியேற்ற சில வாரங்களிலேயே, 1998க்குப் பிறகு முதல்முறையாக, பழைய சென்னைப் பகுதியில் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடி வீட்டுக்கே 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் கிடைக்கும் 5 சதவீதத் தள்ளுபடிக்காக ஓடோடிப் போய்க் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். உதவிக்கு ஆள் கிடையாது. விடியற்காலை முதல் யாராவது வாசலில் நிற்பார்கள். பொருள்நிரல் கட்டாக வருகிறது, கூட்டத்துக்கு மிக அருகில் வருகிறது. துணைப் பொருள்நிரல் அதைவிடக் கடைசியில் வருகிறது. நிர்வாகத் தமிழோ ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். இதை வைத்துக்கொண்டு என்னைப் போல் ஓய்வு பெற்றவன்கூட ஓர் இரவில் படித்து முடிக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன்: கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே முழுப் பொருள்நிரலும், மதிப்பீடும் ஒப்பந்த நிபந்தனைகளும் இணைப்பாக, மாநகராட்சி இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வர வேண்டும் என்று கட்சி பேதமில்லாமல் ஒரு தீர்மானம் போடுங்கள். உங்களால் படிக்க முடியாததை உங்கள் வார்டில் படிப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர், ஆடிட்டர், பஸ் கணக்கில் புலியான பழைய நடத்துநர் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். குறி போட்டு, கேள்வி எழுதி உங்கள் கையில் கொடுப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இடங்களில் பாதி பெண்களுக்கு. இந்த மடல் உறுப்பினர்களான அந்தப் பெண்களுக்குத்தான், அவர்கள் பெயரில் அலுவலர்களிடம் பேசும் கணவர்களுக்கு அல்ல. கோப்பு உங்கள் கைக்கு வரட்டும், அம்மா. வீட்டில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு மாநகராட்சி மதிப்பீடு பெரிய வித்தை அல்ல.

2022இல் வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலமெங்கும் முதல் ஏரியா சபைகளும் நடந்தன. அவை பெரும்பாலும் மனு வாங்கும் கூட்டங்களாகச் சுருங்கிவிட்டன. புனே மாநகராட்சியில் 2006 முதல் பட்ஜெட்டுக்கு முன்பே தெருப் பணிகளுக்குக் குடிமக்களிடம் யோசனை கேட்கிறார்கள். குறைகள் அங்கேயும் உண்டு, ஆனால் கேட்பது முன்பே நடக்கிறது. நம் ஏரியா சபைகளில் ஒன்றையாவது டிசம்பரிலோ ஜனவரியிலோ பட்ஜெட்டுக்காக மட்டும் கூட்டுங்கள். வார்டில் நடந்த பணிகள், ஆன செலவு, நிலுவை என்று ஒரே ஒரு தாள் அங்கே சுற்றுக்கு வரட்டும்.

உங்கள் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. கடைசிக் காலக் கூட்டங்களில்தான் பொருள்நிரல் பருத்துப் போகும். அவசரம் என்று சொல்லிப் பல ஆண்டு ஒப்பந்தங்கள் உள்ளே வரும். அவற்றில் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அதை மொத்தக் கட்டிலிருந்து பிரித்துத் தனியாக விவாதிக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் போதும், நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும். நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொத்து வரி நிலுவை இல்லாத ஒரு சென்னைவாசி